பிரேக் பேரல் ஏர் ரைஃபிளுக்கு ஓப்பன் சைட், ரெட் டாட், ஸ்கோப்: எதைத் தேர்ந்தெடுப்பது?

#1 ஆழியாறு

அனைவருக்கும் வணக்கம். பொள்ளாச்சிப் பக்கத்தில் எங்கள் தென்னந்தோப்பின் மூலையில், மண்மேட்டைத் தடுப்பாக வைத்து, 10 மீட்டர் தூரத்துக்குக் காகித இலக்கு கட்டி விடுமுறை நாட்களில் சுட்டுப் பழகி வருகிறேன். துப்பாக்கி 0.177 அங்குல அளவு கொண்ட, ஸ்பிரிங்கில் இயங்கும், குழலை மடக்கிக் குண்டு போடும் பிரேக் பேரல் ரகம். அதனுடன் வந்த ஓப்பன் சைட்டையே, அதாவது பின்னால் ஒரு வெட்டும் முன்னால் ஒரு முனையும் கொண்ட குறிபார்க்கும் அமைப்பையே, இதுவரை பயன்படுத்துகிறேன். எனக்கு வயது 47. புரோகிரசிவ் கண்ணாடி அணிகிறேன். சென்ற ஆண்டு வரை தெளிவாகத் தெரிந்த பின் சைட்டின் வெட்டு, இப்போது பஞ்சு ஒட்டியது போல் மங்கலாகத் தெரிகிறது.

துப்பாக்கி வாங்கிய கடையில், இலக்கின் மீது சிவப்புப் புள்ளியைக் காட்டும் ரெட் டாட் போடச் சொல்கிறார்கள். மைத்துனர், 3 முதல் 9 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும் 3-9x40 ஸ்கோப்தான் சரி என்கிறார். 13 வயதாகும் என் மகள் கோவையில் ஒரு கிளப்பில் வார இறுதியில் பயிற்சிக்குச் செல்கிறாள். அங்குள்ள பயிற்சியாளர் இரண்டுமே வேண்டாம் என்கிறார். இருவருக்கும் பொருந்தும்படி ஒன்றை மட்டும் வாங்குவதானால் எதை வாங்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் காரணத்துடன் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

#2 பழைய_என்சிசி

பயிற்சியாளர் சொன்னதே சரி. என்சிசி (தேசிய மாணவர் படை) முகாம்களில் 0.22 துப்பாக்கியைக் கொடுத்து, தரையில் படுக்கவைத்து, 5 குண்டுகளைச் சுடவைத்துக் குரூப்பிங், அதாவது அவை எவ்வளவு நெருக்கமாகப் பட்டிருக்கின்றன என்று, பார்ப்பார்கள். அந்தக் குரூப்பிங் ஒடுங்குகிறதா, விரிகிறதா என்பதிலேயே சுடுபவரின் மூச்சும் விரலும் எப்படியிருக்கின்றன என்று ஹவில்தார் சொல்லிவிடுவார். எந்தக் கண்ணாடிக் குழாயும் அங்கே கிடையாது. முன் சைட்டின் மீது கண்ணை நிறுத்தி, மூச்சை அடக்கி, விசையை மெதுவாக அழுத்தக் கற்றுக்கொண்டவர் பிறகு எதை மாட்டினாலும் சுடுவார். ஸ்கோப்பில் தொடங்கியவரிடம் ஸ்கோப்பைக் கழற்றிவிட்டால் கை கட்டிப்போட்டது போல் நிற்பார். எனவே தாங்களும் மகளும் ஓப்பன் சைட்டையே தொடருங்கள்.

#3 பத்தாம்வளையம்

ஐயா சொல்வதில் பாதி எனக்கு உடன்பாடு. ஆனால் கேள்வி கேட்டவர் ஒருவர் போல் தெரிந்தாலும், விடை இரண்டு பேருக்குத் தேவைப்படுகிறது. 47 வயதுக் கண்ணும் 13 வயதுக் கண்ணும் ஒன்றல்ல. பொழுதுபோக்காகச் சுடுவதும் போட்டிக்குத் தயாராவதும் ஒன்றல்ல. ஆகவே ‘ஒன்றை மட்டும்’ என்ற நிபந்தனையைத் தளர்த்திவிட்டே இதைப் பேச வேண்டும்.

முதலில் மகளை எடுத்துக்கொள்வோம். பன்னாட்டு விதிகளின்படி 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் ஸ்கோப்புக்கும் ரெட் டாட்டுக்கும் இடமில்லை. பின்னால் சிறு துளையுள்ள பீப் சைட், முன்னால் குழாய்க்குள் வளையம் என்ற அமைப்பே அங்கு நடைமுறை. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், 2012இல் லண்டனில், சென்னையில் பிறந்த ககன் நாரங் வெண்கலம் வென்றதும் அந்த அமைப்பில்தான். நம் நாட்டில் மாநில அளவிலும் பள்ளி அளவிலும் ஓப்பன் சைட்டுக்கு எனத் தனிப் பிரிவு நடத்தும் வழக்கமும் உண்டு. எனவே மகள் எந்தப் பிரிவில் நிற்கப்போகிறாள் என்பதைப் பயிற்சியாளரிடம் கேட்டு, அந்தச் சைட்டிலேயே வீட்டிலும் பழகட்டும். கிளப்பில் பீப் சைட்டிலும் தோப்பில் ஸ்கோப்பிலும் மாறி மாறிச் சுட்டால், தலையை வைக்கும் உயரமும் கன்னம் கட்டையில் படியும் இடமும் ஒவ்வொரு வாரமும் கலைந்துகொண்டே இருக்கும்.

அடுத்து, ஓப்பன் சைட்டில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம், ஏனெனில் மற்ற இரண்டின் தேவையும் தேவையின்மையும் இதிலிருந்தே விளங்கும். பிரேக் பேரல் துப்பாக்கிகளில் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் இருக்கும். பின் வெட்டின் நடுவில் இருக்க வேண்டிய முன் முனை அரை மில்லிமீட்டர் ஒதுங்கினால், 10 மீட்டரில் குண்டு 11 மில்லிமீட்டர் ஒதுங்கும். ஏர் ரைஃபிள் இலக்கில் ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் இடைவெளி 2.5 மில்லிமீட்டர்தான் என்பதால், கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாத அந்த அரை மில்லிமீட்டர் நான்கு புள்ளிகளைத் தின்றுவிடும். மாறாக, இரண்டு சைட்டுகளும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தியிருந்து, துப்பாக்கி முழுவதுமே இலக்கின் மீது 5 மில்லிமீட்டர் அசைந்துகொண்டிருந்தால் இழப்பு அந்த 5 மில்லிமீட்டருடன் நின்றுவிடும். இதனால்தான் இலக்கு மங்கினாலும் பரவாயில்லை, முன் சைட் கூர்மையாக இருக்கட்டும் என்று எல்லாப் பயிற்சியாளர்களும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

ஆழியாறு அவர்களின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பின் வெட்டு, முன் முனை, இலக்கு ஆகிய மூன்றும் மூன்று வேறு தூரங்களில் இருக்கின்றன. இளங்கண் இவற்றுக்கிடையே தாவித் தாவிச் சமாளித்துவிடும். நாற்பதைத் தாண்டிய கண்ணால் அது முடியாது. பீப் சைட்டில் பின்புறத் துளையைக் கண் உற்றுப் பார்க்க வேண்டியதே இல்லை. அதன் வழியாகப் பார்த்தால் போதும், ஒளி நடுவில் அதிகம் என்பதால் கண் தானாகவே நடுவுக்கு வந்து நிற்கும். மூன்று தளங்களில் ஒன்று கழிந்துவிடுகிறது. சிறிய துளை வழியே பார்ப்பதால் மீதமுள்ள இரண்டும் முன்பைவிடத் தெளிகின்றன. பீப் சைட் துப்பாக்கியின் பின்கோடியில் அமர்வதால் இரு சைட்டுகளின் இடைவெளியும் கூடுகிறது. ரெட் டாட், ஸ்கோப் என்று போவதற்கு முன் தாங்கள் பார்க்க வேண்டியது இதையே என்பது என் கருத்து.

#4 மேப்பிள்_தோப்பு

கனடாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே நான் செல்லும் கிளப்பில் 0.22 ரைஃபிளால் 25 முதல் 50 மீட்டர் வரை சுடுகிறோம். வளையம் வளையமாக எண்ணிச் சுடுபவர்கள் ஒரு புறம் இருக்க, தட்டினால் மடிந்து விழும் இரும்புத் தட்டுகளைச் சுடுவதே எங்களில் பலருக்கு விருப்பம். அதற்கு ரெட் டாட்டைப் போல் இன்பம் தருவது வேறொன்றும் இல்லை. இரண்டு கண்களையும் திறந்து வைத்துக்கொள்ளலாம், தலை சற்றே விலகினாலும் புள்ளி தெரியும், புள்ளியைத் தட்டின் மீது வைத்துச் சுட வேண்டியதுதான். ‘முன் சைட்டைப் பார், பின் சைட்டைப் பார்’ என்ற பாடமே இல்லாததால் புதிதாக வருபவர்கள் முதல் நாளே சிரித்த முகத்துடன் வீடு திரும்புகிறார்கள்.

இது புதுப் பொருளும் அன்று. ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனம் 1975இலேயே மின்னணு ரெட் டாட்டை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. உள்ளே ஒரு சிறு எல்இடி விளக்கு, அதன் ஒளியைக் கண்ணை நோக்கித் திருப்பும் பூச்சுள்ள ஒரு வில்லை, அவ்வளவுதான். புள்ளி வெகுதூரத்தில் இருப்பது போல் கண்ணுக்குத் தோன்றுவதால், இலக்கைப் பார்க்கும்போது புள்ளியும் சேர்ந்தே தெளிவாகத் தெரியும். வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு இதைவிட எளிய வழி எது? கடைக்காரர் தவறாகச் சொல்லவில்லை.

#5 பத்தாம்வளையம்

இரும்புத் தட்டுக்கு ரெட் டாட் மிகப் பொருத்தம் என்பதில் ஐயமில்லை. ஆனால் தோப்பில் தொங்குவது காகித இலக்கு என்பதால் ஒரு சிறு கணக்கைப் பார்த்துவிடுவோம். ரெட் டாட் புள்ளியின் அளவை எம்ஓஏ என்ற கோண அலகில் குறிப்பார்கள். ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு அது. 10 மீட்டரில் ஒரு எம்ஓஏ ஏறத்தாழ 2.9 மில்லிமீட்டர் ஆகும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 3 எம்ஓஏ புள்ளி, 10 மீட்டரில் 8.7 மில்லிமீட்டர் அகலத்தை மூடும். ஏர் ரைஃபிள் இலக்கின் 10ஆம் வளையம் என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. 9ஆம் வளையத்தின் விட்டம் 5.5 மில்லிமீட்டர், 8ஆம் வளையத்தின் விட்டம் 10.5 மில்லிமீட்டர். ஆக, அந்தச் சிவப்புப் புள்ளிக்குக் கீழே 10ஆம் வளையமும் 9ஆம் வளையமும் முழுதாக மறைந்து, 8ஆம் வளையத்தின் ஓரம் மட்டுமே எட்டிப் பார்க்கும்.

#6 மேப்பிள்_தோப்பு

கணக்கு சரி, முடிவு முழுதும் சரியன்று. பீப் சைட்டில் சுடுபவர் மட்டும் 10ஆம் வளையத்தைப் பார்த்தா சுடுகிறார்? 30.5 மில்லிமீட்டர் கறுப்பு வட்டத்தைச் சுற்றி வெள்ளை ஒரே சீராகத் தெரிகிறதா என்றுதானே பார்க்கிறார்? அதே போல் கறுப்பின் நடுவே சிவப்புப் புள்ளியை நிறுத்தி, சுற்றிலும் கறுப்பு ஒரே சீராகத் தெரியும்படி வைக்கலாமே. மூடினால் என்ன, நடு நடுதான்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஒளியைக் கூட்டி வைத்தால் புள்ளி தன் அளவைவிடப் பெரிதாக மினுங்கும், அப்போது ஓரம் தெரியாது. கண் கூசாத அளவுக்கு, பகலில் புள்ளி மறைந்துவிடாத அளவுக்கு மட்டும் ஒளியைக் குறைத்து வைத்துக்கொள்ள வேண்டும். இதை நம்மில் பாதிப் பேர் செய்வதில்லை.

#7 கண்ணாடிக்கடை

தொழில்முறையில் கண் பரிசோதனை செய்பவன் என்பதால் ஒரு விஷயத்தை இங்கே சேர்க்க விரும்புகிறேன். ரெட் டாட் வாங்குவதற்கு முன் தங்களுக்கு ஆஸ்டிக்மாடிசம், அதாவது சிலிண்டர் பவர், எவ்வளவு என்று கண்ணாடிச் சீட்டில் பாருங்கள். அது திருத்தப்படாமல் இருந்தால் வட்டமான புள்ளி கண்ணுக்குக் காற்புள்ளி போலவோ, சிதறிய நட்சத்திரம் போலவோ, இரட்டையாகவோ தெரியும். பலர் இதைக் கருவியின் கோளாறு என்று நினைத்துக் கடைக்காரரிடம் சண்டை பிடிக்கிறார்கள்.

சோதிக்க எளிய வழி உண்டு. துப்பாக்கியில் மாட்டாத ரெட் டாட்டைக் கையில் பிடித்து, அதனூடே வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி கருவியை மெதுவாகச் சுழற்றுங்கள். சிதறலும் கூடவே சுழன்றால் கோளாறு கருவியில். கருவி சுழன்றும் சிதறல் அதே சாய்வில் நின்றால் கோளாறு நம் கண்ணில். கைபேசிக் கேமராவால் புள்ளியைப் படமெடுத்துப் பார்த்தாலும் ஓரளவுக்குத் தெரிந்துவிடும்.

புரோகிரசிவ் கண்ணாடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். துப்பாக்கியில் கன்னம் வைத்துத் தலையைச் சாய்க்கும்போது, வில்லையின் நடுவில் பார்க்காமல் மூக்குப் பக்க மேல் மூலையில் பார்க்கிறோம். அந்த இடத்தில் பவர் சரியாக இருக்காது, உருவமும் சற்று வளைந்து தெரியும். சுடுவதற்கென்று ஒரே பவர் கொண்ட தனிக் கண்ணாடி ஒன்று செய்துகொள்வது நல்லது. தூரப் பார்வைக்கான பவருடன் +0.50 கூட்டினால், ரைஃபிளின் முன் சைட்டும் தெளியும், இலக்கும் அடியோடு கரைந்துபோகாது. கைத்துப்பாக்கிக்கு முன் சைட் இன்னும் அருகில் என்பதால் +0.75 வரை தேவைப்படலாம். கண் மருத்துவரிடம் ‘கண்ணிலிருந்து முன் சைட் இத்தனை சென்டிமீட்டர்’ என்று அளந்து சொல்லிவிட்டால் அவரே பார்த்துக் கொடுப்பார். இதற்கு ஆகும் செலவு நல்ல ரெட் டாட்டின் விலையைவிடக் குறைவாகவே இருக்கும்.

இன்னொன்று: மகள் ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு சுட வேண்டாம். மூடிய கண்ணின் இறுக்கம் திறந்த கண்ணையும் களைப்பாக்கும். மூடாமல், கண்ணுக்கு முன் வெளிர் நிறத் தடுப்பு ஒன்றைத் தொங்கவிடலாம். போட்டி விதிகளில் அதன் அகலம் 30 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. கறுப்புத் தடுப்பு வேண்டாம். ஒரு கண்ணுக்கு இருட்டு வந்தால் இரண்டு கண்மணிகளும் சேர்ந்தே விரியும், பார்வையின் கூர்மை குறையும்.

#8 லீட்ஸ்_தமிழச்சி

ஸ்கோப்பைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை என்பதால் என் பங்கு. இங்கிலாந்தில் ஃபீல்டு டார்கெட் என்று ஒரு விளையாட்டு உண்டு. 12 அடி-பவுண்டு ஆற்றலுக்கு உட்பட்ட ஏர் ரைஃபிளால், 8 கெஜம் முதல் 55 கெஜம் வரை வெவ்வேறு தூரங்களில் மரங்களுக்கிடையே வைத்த இரும்புத் தகடுகளின் ஓட்டைக்குள் சுட வேண்டும். ஓட்டைக்குள் பட்டால் தகடு சாயும், விளிம்பில் பட்டால் நிமிர்ந்தே நிற்கும். அங்கே எல்லாரும் ஸ்கோப்தான். தூரத்தையே ஸ்கோப்பின் ஃபோகஸ் சக்கரத்தைச் சுழற்றி, உருவம் எந்த எண்ணில் கூர்மையாகிறது என்று பார்த்துத்தான் கணிக்கிறார்கள். ஆகவே ஸ்கோப் என்றால் சோம்பேறியின் கருவி என்ற எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் ஆழியாறு அவர்களின் துப்பாக்கிக்கு ஸ்கோப் மாட்டுவதில் நான்கு பொறிகள் இருக்கின்றன.

முதலாவது, ஸ்பிரிங். பார்வைக்குச் சாதுவாகத் தெரியும் ஸ்பிரிங் ஏர் ரைஃபிள், ஸ்கோப்பைப் பொறுத்தவரை பெரிய துப்பாக்கியைவிடக் கொடியது. விசையை அழுத்தியதும் பிஸ்டன் முன்னோக்கிப் பாய்வதால் துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும். பிஸ்டன் முன்முனையில் போய் மோதி நின்றதும் துப்பாக்கி முன்னோக்கித் துள்ளும். சாதாரண ஸ்கோப்புகள் பின்னோக்கிய உதையைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. முன்னோக்கிய துள்ளலில் உள்ளிருக்கும் வில்லைகளும் குறுக்குக் கோடுகளும் தளர்ந்துவிடும். எனவே பெட்டியில் ‘ஸ்பிரிங் ஏர்கன்னுக்கு ஏற்றது’ என்று தெளிவாகப் போட்டிருக்க வேண்டும். விலை மலிந்த ரெட் டாட்டுக்கும் இதே கதிதான். ஸ்கோப்பைத் துப்பாக்கியுடன் பிணைக்கும் மவுண்ட் ஒரே துண்டாக இருக்கட்டும், அதன் அடியில் நழுவாமல் தடுக்கும் முள் இருக்கட்டும். துப்பாக்கி உடலின் மேலுள்ள 11 மில்லிமீட்டர் வரிப்பள்ளத்தில் (இதையே தண்டவாளம் என்போம்) வெறும் திருகின் பிடியை நம்பி மாட்டினால், ஒவ்வொரு சூட்டுக்கும் மயிரிழை மயிரிழையாகப் பின்னோக்கி ஊர்ந்து வரும். தண்டவாளத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்துவிட்டு ஒரு டப்பா பெல்லட்டை (ஏர் ரைஃபிள் குண்டு) சுட்டுப் பார்த்தால் ஊர்ந்த தூரம் கண்ணுக்கே தெரியும்.

இரண்டாவது, குழலின் தொங்கல். பிரேக் பேரல் துப்பாக்கியில் குழல் கீல் வைத்து மடங்குவதால், மூடிய நிலையில் பல துப்பாக்கிகளில் சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். ஓப்பன் சைட் இரண்டும் குழலுடனேயே இணைந்திருப்பதால் அதற்கு இது பொருட்டே இல்லை. ஸ்கோப்போ பின்னால் அசையாத உடலின் மீது அமர்கிறது. மேல் திருகை முழுதும் திருகி முடித்த பிறகும் குண்டு கீழேயே விழுகிறதென்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். இதற்கெனச் சரிவு கொடுத்துச் செய்த மவுண்ட் கிடைக்கிறது. பத்தாம்வளையம் அண்ணா பரிந்துரைக்கும் பீப் சைட்டும் அதே உடலின் மீதுதான் அமரும் என்பதால், குழல் ஒவ்வொரு முறையும் ஆட்டமில்லாமல் ஒரே இடத்தில் பூட்டிக்கொள்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

மூன்றாவது, பேரலாக்ஸ், அதாவது கண் விலகும்போது எழும் குறிப்பிழை. மைத்துனர் சொல்லும் 3-9x40 வகைகளில் பெரும்பாலானவை 100 கெஜத்துக்கு என்று ஆலையிலேயே நிலைநிறுத்தப்பட்டவை. 10 மீட்டரில் 9 மடங்கு வைத்தால் இலக்கு கலங்கித் தெரியும். அது மட்டுமல்ல, கண் நடுவிலிருந்து விலகினால் குறுக்குக்கோடு இலக்கின் மீது நகரும். மிக மோசமான நிலையில் இந்தப் பிழை 10 மீட்டரில் ஒரு சென்டிமீட்டரையும் தாண்டும். 10 கெஜம் வரை ஃபோகஸ் இறங்கக்கூடிய, முன்வளையமோ பக்கச் சக்கரமோ உள்ள ஸ்கோப்தான் இதற்கு வேண்டும்.

நான்காவது, உயரம். ஸ்கோப்பின் நடுவும் குழலின் நடுவும் ஏறத்தாழ 4 அல்லது 5 சென்டிமீட்டர் விலகியிருக்கும். 10 மீட்டருக்குச் சரிசெய்த துப்பாக்கியால் 5 மீட்டரில் இருக்கும் பாட்டில் மூடியைச் சுட்டால் குண்டு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் தாழ்ந்து போகும். வீட்டுத் திண்ணையிலிருந்து விளையாட்டாகச் சுடுபவர்கள் இதில்தான் குழம்புகிறார்கள்.

உருப்பெருக்கம் பற்றி ஒரு சொல். 9 மடங்கில் இலக்கு மட்டும் பெரிதாகாது, நம் கை நடுக்கமும் நாடித்துடிப்பும் சேர்ந்தே பெரிதாகும். குறுக்குக்கோடு நடுவைக் கடக்கும் கணத்தில் விசையைச் சடக்கென இழுத்துவிட ஆசை வரும், அந்த இழுப்பே குண்டைக் கெடுக்கும். நின்றுகொண்டு சுடும்போது 4 மடங்குக்கு மேல் நான் போவதில்லை. பையின் மீது வைத்து, எந்த பெல்லட் இந்தக் குழலுக்கு ஒத்துவருகிறது என்று சோதிக்கும்போது மட்டும் கூட்டிக்கொள்வேன்.

#9 பழைய_என்சிசி

இத்தனை பொறிகளைக் கேட்ட பிறகு என் பேச்சுக்கே வலுக்கூடுகிறது. 2024இல் பாரிஸில் துருக்கியின் யூசுப் திகேச் ஒரு கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சாதாரண மூக்குக்கண்ணாடியுடன் நின்று வெள்ளி வென்றாரே, அதை உலகமே பார்த்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. வயதைக் காரணம் காட்டுபவர்கள் அவரைப் பார்க்கட்டும்.

#10 பத்தாம்வளையம்

ஐயா, திகேச் சுட்டது ஏர் பிஸ்டல். கலப்பு இரட்டையர் பிரிவில் செவ்வால் தர்ஹானுடன் சேர்ந்து வென்ற வெள்ளி அது. ஏர் பிஸ்டலில் ஓப்பன் சைட் மட்டுமே அனுமதி என்பதால் அவருடன் மோதிய இளையவர்கள் அனைவரிடமும் இருந்தது ஓப்பன் சைட்தான். அதே பாரிஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றதும் ஓப்பன் சைட்டில்தான். பிஸ்டல் இலக்கின் 10ஆம் வளையம் 11.5 மில்லிமீட்டர். ரைஃபிளின் அரை மில்லிமீட்டர் புள்ளியுடன் அதை ஒப்பிட முடியாது. மேலும், ஆயுள் முழுதும் அதையே தொழிலாகக் கொண்ட ஒருவரை வாரத்தில் ஒரு நாள் தோப்பில் சுடுபவருக்கு அளவுகோலாக வைப்பது நியாயமில்லை.

ஓப்பன் சைட்டில் தொடங்குவது நல்ல பழக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது கற்றுத்தரும் பாடம் முன் சைட் கூர்மையாகத் தெரிபவருக்கு மட்டுமே. தெரியாதவருக்கு அது எதையும் கற்றுத்தராது. குண்டு ஏன் விலகியது, விரலாலா, கண்ணாலா என்று பிரித்தறிய முடியாமல், தன் மீதே வெறுப்புக் கொண்டு துப்பாக்கியைப் பரணில் ஏற்றிவிடுவார். அந்த நிலையில் இருப்பவருக்கு 4 மடங்கு ஸ்கோப் ஒரு நல்ல ஆசிரியர், ஏனெனில் கோடும் இலக்கும் ஒரே தளத்தில் தெரிவதால் பார்வைப் பிழை கழிந்து, விசைப் பிழை மட்டும் எஞ்சி நிற்கும்.

#11 நெறியாளர்

விவாதம் பயனுள்ளதாக நடப்பதில் மகிழ்ச்சி. இரண்டு நினைவூட்டல்கள் மட்டும். 2016ஆம் ஆண்டுப் படைக்கல விதிகளின்படி 0.177 அங்குலத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத ஏர் ரைஃபிளுக்கே உரிமம் தேவையில்லை. பறவைகளையோ விலங்குகளையோ சுடுவது பற்றிய பதிவுகள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைக் கருதி இங்கே நீக்கப்படும். கனடாவில் உள்ள வாசகர்கள், நொடிக்கு 152.4 மீட்டர் வேகத்தையும் 5.7 ஜூல் ஆற்றலையும் ஒருசேரத் தாண்டும் ஏர் ரைஃபிள் அங்கே உரிமம் தேவைப்படும் துப்பாக்கியாகவே கருதப்படும் என்பதை நினைவில் கொள்ளவும்.

#12 கடலோரம்

நாகப்பட்டினத்துக்காரனின் சிறு குறிப்பு. ஸ்கோப் வாங்குபவர்கள் நைட்ரஜன் நிரப்பி அடைத்ததை வாங்குங்கள். நம் ஊர் ஈரத்தில், உறையில் போட்டு அலமாரியில் வைத்த ஸ்கோப்பின் வில்லையில் சிலந்தி வலை போல் பூஞ்சை படர்ந்துவிடும், படர்ந்தால் துடைத்துப் போகாது. சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடியிறுகும் டப்பாவில் வையுங்கள். ரெட் டாட் என்றால் மாதக்கணக்கில் சுடாமல் வைக்கும்போது மின்கலத்தைக் கழற்றிவிடுங்கள்.

#13 ஆழியாறு

அனைவருக்கும் மிக்க நன்றி. கண்ணாடிக்கடை அவர்கள் சொன்னபடி நண்பர் ஒருவரின் ரெட் டாட்டை வாங்கிச் சுழற்றிப் பார்த்தேன். கருவி சுழன்றது, புள்ளியின் வால் இடம் மாறவே இல்லை. கண்ணாடிச் சீட்டை எடுத்துப் பார்த்தால் வலக் கண்ணுக்குச் சிலிண்டர் பவர் இருக்கிறது. எனவே ரெட் டாட் எனக்கில்லை.

மகளின் பயிற்சியாளரிடமும் கேட்டேன். இந்த ஆண்டு ஓப்பன் சைட் பிரிவில் நிற்கட்டும், அடுத்த ஆண்டு கிளப்பின் பீப் சைட் ரைஃபிளுக்கு மாறலாம் என்கிறார். ஆகவே துப்பாக்கியில் இருக்கும் ஓப்பன் சைட்டைக் கழற்றாமல் அவளுக்கென்றே விட்டுவிடுகிறேன். எனக்கு மட்டும், தேவையானபோது பின்னால் மாட்டிக் கழற்றும்படி ஒரு பீப் சைட்டும், சுடுவதற்கான தனிக் கண்ணாடியும் என்று முடிவு செய்திருக்கிறேன். குழலின் பூட்டு ஆட்டமில்லாமல் இருக்கிறது. முன்னால் கம்பிமுனை வைத்துக்கொள்வதா, வளையம் மாட்டுவதா? வளையம் என்றால் என்ன அளவு? பின் வெட்டு பார்வையை மறைக்குமா?

#14 லீட்ஸ்_தமிழச்சி

பின் வெட்டை முழுதும் கீழே இறக்கிப் பாருங்கள். பல துப்பாக்கிகளில் அது பீப்பின் பார்வைக் கோட்டுக்குக் கீழே போய்விடும். போகாவிட்டால் பீப் சைட்டைச் சற்று உயர்த்தி, முன் சைட்டையும் அதே அளவுக்கு உயர்த்த வேண்டிவரும். அந்த நிலையில் ஒரே துப்பாக்கியை இருவரும் பங்கிடுவது தொல்லைதான். சுடும்போது முன்கட்டையை இறுக்கிப் பிடிக்காமல் உள்ளங்கையில் வெறுமனே தாங்குங்கள். ஸ்பிரிங் துப்பாக்கி ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரித் துள்ள இடம் கொடுத்தால்தான் எந்தச் சைட்டும் பயன் தரும்.

#15 பத்தாம்வளையம்

மகளும் அதே துப்பாக்கியில் ஓப்பன் சைட்டில் பழகுவதால், முதலில் முன்னால் இருக்கும் கம்பிமுனையையே வைத்துக்கொள்ளுங்கள். பின்புறத் துளை மட்டும் மாறினாலே பாதி மங்கல் தெளியும். பிற்பாடு வளையம் மாட்டுவதானால், சிறிய வளையம் நல்லது என்ற பொதுவான எண்ணத்துக்கு இடம் தராதீர்கள். வளையம் கறுப்பை நெருக்கினால் இடையில் தெரியும் வெள்ளைக் கோடு நூலாகிவிடும். நம் அசைவில் அது ஒரு பக்கம் தோன்றி ஒரு பக்கம் மறைய, கண் குழம்பும். பழகாதவருக்கு வெள்ளை தாராளமாகத் தெரியும் பெரிய வளையமே ஏற்றது. அசைவு குறையக் குறைய ஒவ்வொரு அளவாகச் சிறிதாக்கலாம். முகில் மூடிய நாளிலும் மாலை வெளிச்சத்திலும் ஒரு அளவு பெரிதாக்க வேண்டியிருக்கும்.

சைட்டைச் சரிசெய்யும்போது ஒரு குண்டு பட்ட இடத்தைப் பார்த்துத் திருகாதீர்கள். 5 குண்டுகளைச் சுட்டு, அவற்றின் நடு எங்கே என்று பார்த்து, அந்த நடுவை நகர்த்துங்கள். பின் சைட்டானால் குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே நகர்த்த வேண்டும், முன் சைட்டானால் எதிர்ப்பக்கம். மகள் ஓப்பன் சைட்டில் சுட்டு முடித்துத் தாங்கள் பீப் மாட்டும் ஒவ்வொரு முறையும், தண்டவாளத்தில் அது உட்காரும் இடத்தை ஒரே குறியில் வைத்து, முதல் 5 குண்டுகளைச் சரிபார்ப்புக்கென்று தனிக் காகிதத்தில் சுடுங்கள். அவளுக்காக வெட்டை மீண்டும் மேலேற்றும்போது எத்தனை சொடுக்கு இறக்கினீர்கள் என்பதைக் கட்டையின் அடியில் ஒரு சிறு சீட்டில் எழுதி ஒட்டி வையுங்கள்.